எரிச்சல் அடங்கிய கால்கள்

என் கணவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது பல் பிடுங்கப் போன இடத்தில். கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த ஒரு பல் டாக்டரிடம் போனார். அந்த டாக்டர் சின்னப் பெண். பிடுங்குவதற்கு முன்னால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கு முடியாது, முதலில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குப் பல் பிடுங்கத் தெரியவில்லை, அதற்கு இது ஒரு சாக்கு என்று வீட்டில் வந்து சொன்னார். பிறகு வேறொரு இடத்தில் எதையும் சொல்லாமல் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பல் இருந்த குழி ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

அவருடைய குடும்பம் ஊரப்பாக்கம் கிராமமாக இருந்தபோதிலிருந்தே அங்கே இருக்கும் குடும்பம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவர்களுக்கு ஏரிக்குக் கீழே நிலம் இருந்தது. காலையில் அதில் இறங்கினால் வெயில் ஏறிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். வயிறு ஒட்டிப்போய், ஒல்லியாக இருப்பார். பிறகு சுற்றிலும் மனை போட ஆரம்பித்தார்கள். இவர்களும் நிலத்தைக் கொடுத்தார்கள். எந்த இடம் யாருடையது, எந்தப் பட்டாவில் என்ன சிக்கல் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி என்பதால், வாங்க விற்க வருகிறவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். உடம்பு உழைப்பு அதோடு நின்றது. தெருமுனை டீக்கடைக்குக்கூட பைக்கில்தான் போவார். பார்ட்டிக்கு இடம் காட்டினால் ஒரு டீ, பேசி முடித்தால் ஒரு டீ, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் ஒரு டீ. மத்தியானம் பிரியாணி, ராத்திரி பரோட்டா. சட்டை அளவு மாறிக்கொண்டே வந்தது. ஊரில் எல்லோரும் அதை நல்ல காலம் பிறந்ததற்கு அடையாளமாகப் பார்த்தார்கள். அவரும் அப்படித்தான் பார்த்தார்.

நான் தாம்பரத்தில் வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். தினமும் மின்சார ரயிலில் போய் வருவேன். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. மத்தியானம் அவருடைய டிபன் பாக்ஸில் கொஞ்சம் சோறும் நிறையக் காயும் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் மைதானத்தை மெதுவாகச் சுற்றி வருவார். மழை பெய்தால் வராண்டாவில் நடப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த பிறகும் நடப்பாராம். என் கணவரைப் பற்றிச் சொன்னபோது அவர் பதறவே இல்லை. இது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, ஆனால் தினமும் செய்யவேண்டிய வேலை, ஒரு நாளும் லீவு கிடையாது என்றார். தாம்பரத்தில் சர்க்கரைக்கென்றே இருக்கும் தன்னுடைய டாக்டரிடம் எங்களை அனுப்பி வைத்தார்.

அந்த டாக்டர் வயதான பெண்மணி. பொறுமையாகப் பேசினார். நாம் சாப்பிடுவதெல்லாம் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேருகிறது, அதை உடம்பு உள்ளே இழுத்துக்கொள்ள இன்சுலின் வேண்டும், உங்கள் உடம்பு அந்த இன்சுலின் சொல்வதை இப்போது கேட்க மறுக்கிறது, அதனால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கிக் கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் மெல்ல அரிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது என்றார். சோற்றைப் பாதியாக்கிக் காயை இரண்டு மடங்காக்கச் சொன்னார். நடக்கச் சொன்னார். மாத்திரையை நன்றாக இருக்கிறது என்று நிறுத்தக் கூடாது, நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்றார். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வண்டியை நிறுத்தி டீ குடித்தார். டாக்டர் இப்போதுதானே சொன்னார் என்று கேட்டேன். நாளையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. முரடரும் இல்லை. என்னிடம் சண்டை போட்டிருந்தால்கூட நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவர் எதையும் மறுக்க மாட்டார். நான் கிளறி வைக்கிற கேழ்வரகுக் களியைச் சாப்பிடுவார், கீரையைச் சாப்பிடுவார், சாப்பிட்டுவிட்டு வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போய் வெளியே இன்னொரு முறை சாப்பிடுவார். ரத்தம் கொடுக்கப் போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வாயைக் கட்டிக்கொள்வார். ரிசல்ட் சுமாராக வரும். ஆனால் மூன்று மாதச் சராசரி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, அதை ஏமாற்ற முடியாது. டாக்டர் அந்த எண்ணைக் காட்டிக் கேட்டால், மெஷினில் ஏதோ கோளாறு என்பார். ஊரில் அவர் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்குச் சர்க்கரை. எல்லோரும் அதைப் பற்றிச் சளி பிடித்த மாதிரி பேசிக்கொள்வார்கள். யாரோ வண்டலூர் பக்கம் ஒருவரிடம் பொடி வாங்கித் தின்று எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். இவரும் வாங்கிவந்தார். கசப்பான பச்சைப் பொடி. அதைக் காலையில் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். இது எனக்குத் தெரியவந்தபோது பல மாதங்கள் ஓடியிருந்தன. மாத்திரை அட்டைகளை வாங்கி வாங்கிப் பைக் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார்.

கால் எரிச்சல் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலில் பாதத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது என்றார். டிவி பார்க்கும்போது ஒரு பக்கெட் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவார். படுக்கையில் போர்வைகூடக் காலில் பட விடமாட்டார். டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்தார். இவருக்கு ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்ற நினைப்பு. ஊசி போட ஆரம்பித்தவர்கள் எல்லோரும் செத்துப் போனார்கள் என்று தெரிந்தவர்கள் சிலருடைய கதையைச் சொன்னார். அவர்கள் ஊசியை ரொம்பத் தாமதமாக ஆரம்பித்தவர்கள் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஊர் அம்மன் கோயிலுக்குப் போய், இந்த எரிச்சல் தணிந்தால் ஆடி மாதத் திருவிழாவில் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தார்.

எரிச்சல் தணிந்தது. அது நடந்தது ஒரே நாளில் இல்லை. சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பக்கெட் தண்ணீர் தேவையில்லாமல் போனது. அவருடைய முகமே தெளிந்துவிட்டது. "இப்ப எரிச்சலே இல்ல. காலு ஜம்முனு கீது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பொடியோ, அம்மனோ, எதுவாக இருந்தாலும் சரி, மனிதர் தூங்குகிறாரே என்று நினைத்தேன்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் முழு ஆண்டு விடுமுறை விட்டிருந்தபோது, கோவளத்தில் யாரையோ பார்க்கவேண்டும் என்று கிளம்பினார். என்னையும் வா என்றார். வேலை முடிந்ததும் படகுகள் நிற்கிற இடத்துக்குப் போய் மீன் வாங்கினோம். உச்சி வெயில். மணல் கொதித்தது. செருப்புப் போட்டிருந்தும் ஓரத்தில் பட்ட மணல் எனக்குச் சுட்டது, ஏறக்குறைய ஓடித்தான் ரோட்டுக்கு வந்தேன். அவர் மீன் பையைத் தூக்கிக்கொண்டு நிதானமாக வந்தார். கிட்டே வந்தபோதுதான் பார்த்தேன், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொரு கால் வெறும் கால். செருப்பு எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். ஈர மணலில் எங்கேயோ கழன்று விட்டிருக்கிறது, அது அவருக்குத் தெரியவே இல்லை. அந்தக் கொதிக்கிற மணலில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். திரும்பிப் போய்த் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, வயசாகுது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே அவரைத் தாம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து உள்ளங்காலில் ஓரிடத்தில் வைத்து அழுத்தினார், தொடும்போது சொல்லுங்கள் என்றார். விரல் நுனியில், குதிகாலில், நடுப்பாதத்தில் என்று வைத்துக்கொண்டே வந்தார். அவர் பேசாமல் படுத்திருந்தார். நான் அந்த இழை வளைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு காலும் முடிந்த பிறகு அவர் கண்ணைத் திறக்காமலேயே, "இன்னும் ஆரம்பிக்கலியா, டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் இழையை மேஜையில் வைத்தார். பிறகு சொன்னார்: "எரிச்சல் நின்னதுக்குக் காரணம் நரம்பு செத்துப்போனதுதான், சார். சரியானதால நிக்கல. உங்களுக்குக் கால் இருக்கு. ஆனா அதுக்கு என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது."

இனி வீட்டுக்குள்கூட வெறும் காலோடு நடக்கக் கூடாது, தினமும் ராத்திரி உள்ளங்காலை யாராவது பார்க்கவேண்டும், சின்னக் கொப்புளம் என்றாலும் உடனே வரவேண்டும் என்றார். மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு எழுதிக் கொடுத்தார். நான் ஆடி மாத வேண்டுதலைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் கணவரின் முகத்தைப் பார்த்து, அது கூடவே கூடாது, வேறு எந்தக் காணிக்கை வேண்டுமானாலும் செலுத்துங்கள் என்று இரண்டு முறை சொன்னார். என் கணவர் வழக்கம்போலத் தலையாட்டினார்.

வீட்டில் அவர் சொன்ன நியாயம் இதுதான். நரம்பு செத்தது என்று டாக்டர் சொல்கிறார், எரிச்சலைத் தணித்தது அம்மன் என்று நான் சொல்கிறேன், எப்படித் தணிந்தாலும் நான் கேட்டது கிடைத்துவிட்டது, கேட்டது கிடைத்த பிறகு கொடுக்காமல் இருக்க முடியாது. இதை அவர் அமைதியாகச் சொன்னார். அவர் சொல்வதில் ஒரு நேர்மையும் இருந்தது. வியாபாரத்திலும் அப்படித்தான். வாக்குக் கொடுத்தால் மாறமாட்டார் என்பதற்காகத்தான் அவரை எல்லோரும் தேடி வந்தார்கள்.

கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவருடைய பெரியப்பா மகன். நான் அவரிடம் போய், மாமா, நீங்களாவது தடுங்கள் என்று கேட்டேன். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வேண்டிக்கொண்டவனைத் தடுக்கிற பாவத்தை நான் ஏன் சுமக்கவேண்டும் என்றார். போதாக்குறைக்கு, படித்தவள், டீச்சர், அதனால்தான் நம்பிக்கை இல்லை என்று அவர் வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு ஒரே மகன். அவன் ஓ.எம்.ஆர். பக்கம் ஐடி கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு மனைவியோடு அங்கேயே வாடகை வீட்டில் இருந்தான். போனில் அப்பாவிடம் எவ்வளவோ பேசிப் பார்த்தான். முடியவில்லை.

காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டினால் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு வேளைச் சாப்பாடு. நான் கையில் கொடுத்தால் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரையையும் விரதத்தில் போடக் கூடாது என்று அவராகவே வைத்துக்கொண்டார்.

தீமிதி அன்று சாயங்காலம் கோயில் முன்னால் நிற்க இடமில்லை. புதிதாகக் குடிவந்த அடுக்குமாடிக்காரர்களெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குழியில் தணலைப் பரப்பித் தட்டிவிட்டிருந்தார்கள். நான் நின்ற இடத்துக்கு முகம் காந்தியது. மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக வரிசையில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத்தான் தாண்டினார்கள், கால் பட்ட மாத்திரத்தில் எடுத்தார்கள். கடைசியில் இருக்கிற பால் குழியில் குதித்ததும் முகத்தைச் சுளித்தார்கள். என் கணவர் இறங்கினார். அவர் ஓடவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு, வயல் வரப்பில் போகிற மாதிரி, ஒவ்வொரு அடியாக முழுப் பாதத்தையும் பதித்து நடந்தார். நடுவில் ஒரு கணம் நின்று அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. பிறகு குலவை எழுந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். நான் அழுததைப் பார்த்து, நீங்க குடுத்து வச்சவங்க அக்கா என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனேன். சுட்டதா என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தெரில," என்றார். "தண்ணியில நடந்த மாதிரி இருந்துச்சு."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. பெண்கள் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவருடைய காலில் ஊற்றிக் கும்பிட்டார்கள். குழந்தைகளைக் கொண்டுவந்து அந்தக் காலில் போட்டார்கள். அந்த ஈரத்திலும் மஞ்சளிலும் உள்ளங்கால் எப்படி இருக்கிறது என்று என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். இரண்டு பாதமும் அடியில் வெள்ளையாக உப்பியிருந்தன. வலது கால் விரல்களுக்குக் கீழே தோல் தனியாகக் கழன்று ஆடியது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, யாருடைய காலையோ பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். தெருவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் பார்த்ததும் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்றார். காப்பு அவிழ்க்காமல் எல்லையைத் தாண்ட மாட்டேன் என்று என் கணவர் சொல்லிவிட்டார். எல்லை எங்கே இருக்கிறது என்பதே இப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது, ரயில் தண்டவாளம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் கத்தினேன். காப்பை அறுத்துவிடுகிறேன் என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். அவர் கையை நீட்டவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். என்னால் அறுக்க முடியவில்லை. கிளினிக் டாக்டர் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு, ஊசி ஒன்று போட்டுவிட்டுப் போனார். வலித்திருந்தால் அவரே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். வலிக்கவே இல்லை. அந்தக் கட்டோடு கோயிலுக்கு நடந்து போய் வந்துகொண்டிருந்தார்.

காப்பு அவிழ்க்கிற நாள் வந்தபோது அவருக்குக் குளிர் காய்ச்சல். கட்டைப் பிரித்தால் வீட்டு வாசல் வரைக்கும் வாடை. மகன் வந்தான், காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் விரல்களை எடுத்தார்கள். அது ஆறும் என்று காத்திருந்தோம். கறுப்பு மேலே ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டது மகன். இடது கால் எப்படியோ பிழைத்தது. மயக்கம் தெளிந்த பிறகு அவர் போர்வை தட்டையாக இருக்கிற இடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இதற்கும் ஒன்றும் தெரியவில்லை என்றார். அவர் அதைக் கசப்பாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார். நான் வராண்டாவுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் டாக்டர் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தார். காலையில் எழுந்ததும் தானே விரலில் குத்திப் பார்ப்பார். இன்சுலினைத் தானே வயிற்றில் போட்டுக்கொள்வார். தட்டில் நான் வைப்பதற்கு மேல் ஒரு பருக்கை கேட்க மாட்டார். யாராவது இனிப்புக் கொண்டுவந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். மூன்று மாதச் சராசரி முதல்முறையாக டாக்டர் சொன்ன அளவுக்குள் வந்தது. அந்தத் தாளைப் பார்த்த டாக்டர் நன்றாக இருக்கிறது சார் என்றார், ஆனால் அவருடைய குரலில் மகிழ்ச்சி இல்லை. அடுத்த பக்கத்தில் சிறுநீரகத்தின் எண்கள் இருந்தன. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து, லேசர் வைத்தும் ஒரு கண்ணில் நிழல்தான் தெரிந்தது. அத்தனை வருஷம் உள்ளே நடந்த வேலை அதன் போக்கில் நடந்து முடிந்திருந்தது. இவர் செய்த எதுவும் அதைத் திருப்பிக் கொண்டுவரப் போவதில்லை, மெதுவாக்கலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. தட்டை வைத்தால் எவ்வளவு கவனமாகச் சாப்பிடுவார் என்பதைப் பார்த்த யாராலும் சொல்லியிருக்க முடியாது.

டயாலிசிஸ் ஆரம்பித்தது. நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். வாரத்தில் பாதி நாள் தாம்பரம் போய் வருவதிலேயே கழிந்தது. வெளியே நாற்காலிகளில் எங்களைப் போலவே காத்திருப்பார்கள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர், எல்லாம் தெரிந்த ஊர்க்காரர்கள். கறிக்கடைக்காரர் ஒருவர், பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், என் வயதுப் பெண்மணி ஒருத்தி. பாதிப் பேருக்குச் சர்க்கரையிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பதையே எல்லோரும் சொன்னார்கள். சில வாரம் பார்த்த முகம் அடுத்த வாரம் வராது. நாற்காலி காலியாக இருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

இதற்கு நடுவில் அடுத்த ஆடி வந்தது. எங்கள் தெருவில் இருக்கும் ஒருவர், என் கணவருடைய சிநேகிதர், அவருக்கும் சர்க்கரை. அவர் தீ மிதிக்கக் காப்புக் கட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். அவரிடம் என் கணவருடைய காலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, தினமும் வந்து பார்த்துக்கொண்டிருந்தவர்தான். அவர் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "அண்ணன் தணலுல நின்னு கும்பிட்டாரே அண்ணி, அத இந்த ஊரு மறக்குமா?" என்றார். கால் போனதற்குக் காரணம் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவசரப்பட்டது என்று ஊரில் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார்கள். என் கணவர் நடந்த நடை மட்டும் அவர்களிடம் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து என் கணவரிடம், நீங்கள் சொன்னால் அவர் கேட்பார், கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் கூப்பிட்டுச் சொன்னார். வேண்டாம்பா, அதனாலதான் எனக்குப் போச்சு என்று தன் வாயாலேயே சொன்னார். அந்த ஒரு தடவைதான் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டேன். சிநேகிதர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். தீயும் மிதித்தார்.

என் கணவர் இறந்தது ஒரு மார்கழி மாதக் காலை. டயாலிசிஸ் இல்லாத நாள். இட்லி சாப்பிட்டார். கொஞ்சம் அசதியாக இருக்கிறது, சாய்ந்துகொள்கிறேன் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் துணி உலர்த்திவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது நாற்காலியிலேயே போயிருந்தார். கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். நெஞ்சு வலி என்று சொல்லவே இல்லையே என்றேன். சர்க்கரைக்காரர்களுக்குச் சில சமயம் அந்த வலியும் தெரியாது என்றார்.

காரியம் முடிந்த பிறகு மகன் என்னோடு சில நாள் இருந்தான். அப்போது பிடிவாதமாக அவனைத் தாம்பரம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். அவனுக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. சர்க்கரையின் எல்லையைத் தாண்டி ஒரு காலை வைத்திருந்தான். டாக்டர் அவனிடம் என்ன சொன்னாரோ, அது என் கணவரிடம் முதல் நாள் சொன்னதேதான். ஒரு வித்தியாசம், இவனுக்கு எல்லாம் தெரியும். அப்பாவின் காலை எடுக்கக் கையெழுத்துப் போட்டவன். இன்டர்நெட்டில் படித்து எனக்கே விளக்குவான். எடையைக் குறைத்து, நடந்து, மாத்திரையும் போட்டால் இதை இந்த இடத்திலேயே நிறுத்தி வைக்க முடியும் என்று அவனே சொன்னான். நடப்பதைக் கணக்குப் பார்க்க ஒரு கைக்கடிகாரம்கூட வாங்கினான்.

இப்போது அவனுக்கு ஆபீஸில் வேலை அதிகம். மத்தியானம் மூன்று மணிக்குச் சாப்பிடுகிறான். ராத்திரி போனைத் தட்டி எதையாவது வரவழைத்துக்கொள்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய வீட்டுக்குப் போயிருந்தேன். கைக்கடிகாரம் சார்ஜ் இல்லாமல் டிவி பக்கத்தில் கிடந்தது. மாத்திரை அட்டை நான் போன தடவை பார்த்த அளவிலேயே இருந்தது. கேட்டேன். ஆபீஸில் இந்த ரிலீஸ் முடியட்டும், அடுத்த மாதத்திலிருந்து சரியாக ஆரம்பிக்கிறேன் என்றான். மருமகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளும் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருப்பாள் என்று தெரிந்தது.

நான் கத்தவில்லை. கத்தி எதுவும் ஆகாது என்பதை எத்தனையோ வருஷம் பார்த்துவிட்டேன். தினமும் காலையில் அவன் கிளம்புகிற நேரத்துக்கு போன் செய்கிறேன். மாத்திரை போட்டாயா என்று கேட்கிறேன். போட்டுட்டேம்மா என்கிறான். சொல்கிற வேகத்திலேயே போடவில்லை என்று எனக்குத் தெரிகிறது. சரிப்பா என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.